நிற்கத் தெரியாத பாட்டுக் குழு

சித்தூரில் எழுந்தருளியிருக்கும் என் அருமைத் தமையனார் தோதாத்ரி அண்ணாவுக்கு, திருப்பதியிலிருந்து தங்கை ருக்மணி தெண்டன் சமர்ப்பித்து எழுதுவது. இங்கு நானும் இவரும் குழந்தை வேதாவும் சௌக்கியம். அங்கு உன் சர்க்கரை, மன்னியின் முழங்கால், மாடியில் நீ வளர்க்கும் துளசி எல்லாம் சௌக்கியமாக இருக்கத் தாயார் அனுக்கிரகம் செய்யட்டும். மூத்தவனுக்குச் செய்ய வேண்டிய மரியாதை இந்த நாலு வரியோடு முடிந்தது. இனிமேல் சண்டை.

பாட்டுப் போட்டி நடுவர் என்ற ஹோதாவில் நீ வேதாவின் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய காகிதம் முந்தாநாள் வந்து சேர்ந்தது. தலைமை ஆசிரியை மனோரமா மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்துக் காட்டினார். 'மேற்படி குழுவைச் சேர்ந்த செல்வி வேதா, நடுவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடையை விட்டுத் தன் குழுவினரை அழைத்துச் சென்ற ஒழுங்கீனத்துக்கு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும், மூன்று பிரதிகள்' என்று எழுதியிருக்கிறாய். மேற்படி குழுவாம், செல்வி வேதாவாம்! காது குத்தும்போது உன் மடியில் உட்கார்ந்து உன் மயில்கண் வேஷ்டியை நனைத்தாளே, அந்தக் குழந்தை உனக்குச் செல்வி ஆகிவிட்டாளா? திங்கட்கிழமைக்குள் மன்னிப்புக் காகிதம் வரவில்லையென்றால் அவளுடைய வராண்டா லீடர் பேட்ஜைப் பிடுங்கிவிடுவார்களாம். அந்த நீலக்கலர் பிளாஸ்டிக் பேட்ஜை அவள் ராத்திரி தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குகிறவள். அதனால் இதை நன்றாகக் கேட்டுக்கொள். வேதா மன்னிப்புக் கேட்க மாட்டாள். அவளே கேட்கிறேன் என்றாலும் நான் விட மாட்டேன். இந்த ஒரு பேனாவைத் தவிர மற்றதையெல்லாம் எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ வாட்ஸப்பில் எது வந்தாலும் கும்பிடுகிற கை படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறவன் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் 'அதெல்லாம் சரி ருக்கு' என்று ஆரம்பிக்காதே.

ஜூலை மாதம் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஒரு பெரிய அதிகாரி வந்தார். ஒன்பதாம் வகுப்புக்கு முன்னால் வராண்டாவில் பிள்ளைகள் கும்பலாக நின்று அரட்டை அடித்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் வயிற்றை எக்கிக்கொண்டு சுவரோரமாகப் பக்கவாட்டில் நுழைந்து போக வேண்டியதாயிற்று. சட்டையெல்லாம் சுண்ணாம்பு. மனோரமா மேடத்துக்கு அவமானம் தாங்கவில்லை. மறுநாளே சுவரில் சிவப்புப் பெயிண்டில், முழ நீள எழுத்தில், 'வராண்டாவில் யாரும் நிற்கக் கூடாது' என்று தெலுங்கில் எழுதிவிட்டார்கள். எழுதினால் போதுமா, நிற்கிறவர்களை நகர்த்த ஒரு ஆள் வேண்டாமா? காலைப் பிரார்த்தனையில் மேடம் கேட்டதும் வகுப்பு மொத்தமும் வேதா பக்கம் கையைக் காட்டிவிட்டது. ஏனென்றால் அவளுடைய அப்பாவின் உத்தியோகம் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். உன் மாப்பிள்ளை ராம்ப்ரசாத் இருபத்திரண்டு வருஷமாக மலைமேல் வரிசையை நகர்த்துகிறவர். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை 'ஜருகண்டி, ஜருகண்டி' என்று சொல்கிறாரோ, அந்த வாய் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன எடுக்க வந்தோம் என்று நான் ஒரு நிமிஷம் யோசித்தால், பின்னாலிருந்து 'ஜருகண்டி அம்மா' என்று குரல் வரும். தூக்கத்தில் கூடச் சொல்வார், நான் புரண்டு படுப்பேன். இதைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த குழந்தை வராண்டாவைக் காலி செய்ய எவ்வளவு நேரமாகும்? முதல் நாள் மணியடித்து முடிப்பதற்குள் ஈ காக்கை இல்லை. நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் எதையோ தேடிக்கொண்டு நின்ற மனோரமா மேடத்தையே 'ஜருகண்டி மேடம்' என்றாளாம், அவரும் யாரென்று பார்க்காமல் நகர்ந்துவிட்டாராம். அப்போது மேடம் இதை என்னிடம் பெருமையாகத்தான் சொன்னார். இப்போது அதே குணம் ஒழுங்கீனம் ஆகிவிட்டது.

இந்த வராண்டாவில்தான் பாட்டும் வந்து சேர்ந்தது. பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் அறையில் புதுப் பாடப்புத்தகக் கட்டுகளையும் உடைந்த பெஞ்சுகளையும் போட்டு அடைத்துவிட்டார்கள். மைதானத்தில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. சுரேஷ்பாபு என்கிற பாட்டு மாஸ்டர் பரம சாது, யாராவது சத்தமாகத் தும்மினால் கூட மன்னிப்புக் கேட்கிறவர். அவர் பன்னிரண்டு பெண்களை வராண்டாவில் ரெண்டு வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொன்னார். திறந்த வாய் மூடுவதற்குள் வேதா நோட்டுப் புத்தகத்தோடு வந்து பதின்மூன்று பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டாள். முதல் பெயர் சுரேஷ்பாபு. வகுப்பு என்ற இடத்தில் 'பாட்டு' என்று எழுதியிருந்தாள். மேடம் கையெழுத்துப் போட வேண்டிய நோட்டு அது. மாஸ்டர் கைகட்டி நின்றுகொண்டு, "மேடம், நிக்காம பாட்டு எட்லா பாடறது?" என்று கேட்க, மேடம், "ரூல் அண்டே ரூலே, சார்" என்று சொல்லிவிட்டார். ரெண்டு நாள் பாட்டே இல்லை.

வழி கண்டுபிடித்தவள் சபீனா. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஆகஸ்டில்தான் வந்து சேர்ந்தார்கள். அவளுடைய அப்பாவுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை, விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டின பிறகுதான் திரும்புவார். திருச்சானூர் போகிற ரோட்டில் வீடு. அந்தக் குழுவில் முதல் அடியை எடுத்துக்கொடுக்கிறவள் அவள்தான், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார்கள். வேதாவின் நோட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "தே, நிக்கக் கூடாதுன்னுதானே செவுத்துல எழுதிக்கீறாங்க? பாடக் கூடாதுன்னு எழுதலியே. நாங்க நடந்துக்கினே பாடறோம், நீ எழுதிக்கினே இரு" என்றாளாம். வேதா சுவரை ஒரு தடவை முழுக்கப் படித்தாள். நியாயம்தான் என்று பட்டது. நேராக மேடத்திடம் போய், நடந்தால் பரவாயில்லையா என்று கேட்டாள். மேடம் கொஞ்சம் யோசித்து, நடந்தால் சரிதான் என்றார். இதற்கு மேல் ஒரு பர்மிஷன் உண்டா அண்ணா?

அன்றிலிருந்து ரெண்டு மாசம், தினமும் கடைசிப் பீரியடில், அந்தப் பெண்கள் ஸ்டாஃப் ரூமிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை போவதும் திரும்புவதுமாகப் பாடியிருக்கிறார்கள். பல்லவி ஸ்டாஃப் ரூம் வாசலில் தொடங்கும், முதல் சரணம் லேபரட்டரியைத் தாண்டும்போது முடியும். கழிவறைப் பக்கம் வரும்போது எல்லாரும் ரெண்டு மாத்திரை மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், மாஸ்டர் அதைத் தாளத்திலேயே சேர்த்துவிட்டார். அவர் முகம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதால் முன்னால் பின்பக்கமாகவே நடந்து கையை ஆட்டுவார். ஒரு நாள் அப்படியே போய் மத்தியானச் சாப்பாட்டு அண்டாவில் உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளை, சாம்பார் ஆறிப்போயிருந்தது. ரெண்டு நாள் லீவு போட்டார், மூன்றாம் நாள் மறுபடியும் பின்பக்கமாக நடந்தார். வேதா கடைசியில், யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே கூட நடந்தாள். ரெண்டு மாசம் கூடவே நடந்தால் சுவரே பாடும், இவள் பாட மாட்டாளா? தீபாவளிக்குப் பிறகு மாஸ்டர் இவளையும் குழுவில் சேர்த்துக்கொண்டார். அந்தச் செய்தியைச் சொன்னபோது நீ போனில் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "பாட்டு நம்மாத்துச் சொத்துடி ருக்கு" என்றாய். சொத்தில் பங்கு கேட்கும்போது மட்டும் வந்துவிடு.

இனி போட்டி நாள். ஜில்லாவை ரெண்டாகப் பிரித்தாலும் பாட்டைப் பிரிக்கவில்லை என்று உங்கள் சபாக்காரர்கள் பெருமையாக நோட்டீஸ் அடித்து, திருப்பதிப் பிள்ளைகளையும் சித்தூருக்கு வரவழைத்தார்கள். பெரியவர்கள் யாராவது கூட வர வேண்டும் என்றதால் நானும் வேனில் ஏறினேன். வேனில் உட்கார்ந்துகொண்டு பாடிப் பார்த்தார்கள், ஒருத்திக்கும் சரியாக வரவில்லை. பாதி வழியில், புத்தலப்பட்டில், மாஸ்டர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, வேனைச் சுற்றி நடந்துகொண்டே ஒரு தடவை முழுப்பாட்டையும் பாடினார்கள். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் ஏதோ பஜனை கோஷ்டி பாதயாத்திரை போகிறது என்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். ஒரு பெரியவர் வாழைப்பழம் கூடக் கொடுத்தார். பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

உன் ஹாலில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ நடுநாற்காலியில், நெற்றியில் ஸ்ரீசூர்ணம் பளபளக்க, ஜரிகை அங்கவஸ்திரத்தோடு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நம் குழந்தைகள் மேடையேறினார்கள். மைக் ஒரே இடத்தில் நட்டுவைத்திருந்தது. சுருதிப்பெட்டி ஊதியது. வாயைத் திறந்தார்கள். சத்தமே வரவில்லை. ஹாலில் யாரோ இருமினார்கள். அப்போதுதான் வேதாவின் வலது கால் நகர்ந்தது. கால் நகர்ந்ததும் குரல் வந்தது அண்ணா! அவள் பின்னால் எல்லாரும் நடந்தார்கள், எல்லாரும் பாடினார்கள். இடப்பக்கப் படியில் இறங்கி, உன் மேஜையைத் தாண்டி, நடுப்பாதையில் வந்து, பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனார்கள். மாஸ்டர் பழக்க தோஷத்தில் பின்பக்கமாகவே நடந்து, முதுகாலேயே கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். மூன்றாவது சரணம் வெளியே வேன் நிற்கிற இடத்திலிருந்து கேட்டது. அந்த மாதிரி ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. ஜனங்கள் கை தட்டினார்கள். நீ மணியை அடித்தாய். அப்புறம் ஜீரோ போட்டு, பக்கத்தில் 'பாடத் தெரிகிறது, நிற்கத் தெரியவில்லை' என்று எழுதினாய்.

நிற்க எப்படி அண்ணா தெரியும்? நிற்கக் கூடாது என்று பள்ளிக்கூடமே சுவரில் எழுதி வைத்திருக்கிறது. ரெண்டு மாசம் நடந்து நடந்து பாடின பிள்ளைகளுக்குக் கால் நின்றால் தொண்டையும் நின்றுவிடுகிறது. இது பழக்கம், வேறென்ன? பாட்டும் எதைப் பற்றி? மாஸ்டரே எழுதிய பாட்டு அது. நாலு சரணத்துக்கு நாலு நதி. நதியைப் பற்றின பாட்டை நின்றுகொண்டு பாடுவதுதான் தப்பு என்பேன் நான். அதுவும் போகட்டும். புறப்பாட்டில் பெருமாளுக்கு முன்னால் நீ கோஷ்டியோடு பாசுரம் சேவித்துக்கொண்டு நாலு வீதியும் நடக்கிறாயே, யாராவது உனக்கு ஜீரோ போட்டார்களா? நீ நடந்தால் கைங்கர்யம், என் பெண் நடந்தால் ஒழுங்கீனமா?

மேடம் என்னிடம், "ரெண்டு லைன்தானே ருக்மணி காரு, ராசி இச்சேயண்டி, எழுதிக் குடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சுபோகும்" என்றார். "நிக்கக் கூடாதுன்னு செவுத்துல எழுதினது நீங்க மேடம். முதல்ல அந்தச் செவுரு மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் நாங்க கேக்கறோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். இவரிடம் யோசனை கேட்டேன். மலையிலிருந்து இறங்கி வந்த மனிதர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "யாருமே நிக்காம போயிண்டே இருந்தா உலகத்துல தகராறே வராது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான் அண்ணா. மேடையில் நின்றவள் உன் சொந்த மருமாள். ஊரில் அவனவன் பெரியப்பா பிள்ளையின் மைத்துனனுக்கெல்லாம் சிபாரிசு செய்கிறான். உன்னை யாரும் முதல் பரிசு கொடு என்று கேட்கவில்லை. ஒரு அரை மார்க் போட்டிருக்கக் கூடாதா? நம் குழந்தை என்று கொஞ்சமாவது நெஞ்சில் ஈரம் வேண்டாமா? விதி, பட்டியல், மூன்று பிரதி என்று இருந்து இருந்து உனக்குப் பாசம் என்பதே அற்றுப்போய்விட்டது. இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது, காகிதத்தில் தெரிகிற கறை காப்பி இல்லை.

ஆகவே நீ உன் காகிதத்தை வாபஸ் வாங்கும் வரை, மாசாமாசம் பஸ்ஸில் வருகிறவர்களிடம் உனக்குக் கொடுத்தனுப்பும் புளிக்காய்ச்சல் நிறுத்தப்பட்டது. தை மாசம் உன் அறுபதாம் கல்யாணத்துக்கு வருவேன், அட்சதை போடுவேன், சாப்பிடுவேன், ஆனால் உன்னோடு பேச மாட்டேன். மன்னிக்கு என் தெண்டன், அவள் முழங்காலுக்குச் சொன்ன தைலத்தைத் தேய்க்கச் சொல்லு, அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உனக்குப் பெருமாள் தீர்க்காயுசையும் கொஞ்சம் நியாய புத்தியையும் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் மேற்படி தங்கை,
ருக்மணி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் வேதாவைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் தெலுங்கே படிப்பதால் தமிழை விரல் வைத்து மெதுவாகத்தான் படிப்பாள். மாஸ்டர் அண்டாவில் உட்கார்ந்த இடம் வரை சிரித்துக்கொண்டே வந்தவள், உனக்குப் பாசம் இல்லை என்று எழுதிய இடத்தில் விரலை நிறுத்திவிட்டாள். "அம்மா, இதெல்லாம் தப்பா எழுதியிருக்கே" என்றாள். என்னடி தப்பு என்றேன். சமையலறை வாசற்படியில் போய் நின்றாள். நாலு சரணத்தையும் நின்றபடியே பாடினாள். கால் கட்டைவிரல் கூட அசையவில்லை.

"அப்போ ஏண்டி அங்கே நடந்தேள்?" என்று கேட்டேன்.

"மேடைக்குப் பின்னால மாமா வந்து எண்ணினார்மா. பன்னெண்டு பேர்தான் பாடலாமாம், நாங்க பதிமூணு பேர் இருந்தோம். என்னாலதான் பதிமூணு ஆச்சு. நான் எறங்கறேன் மாமான்னேன். 'நீ இருடி கொழந்தே'ன்னு என் கன்னத்தைத் தட்டிட்டு, ஸ்கூல் ரிஜிஸ்தர்ல கடைசிப் பேர் யாருன்னு கேட்டார். வருஷத்து நடுவுல ஸ்கூல்ல வந்து சேர்ந்ததால சபீனா பேர்தான் கடைசி. அவளை எறங்கச் சொல்லிட்டார். மாஸ்டர் கையைப் பிசைஞ்சுண்டு நின்னார். அவ போய் வேன் படியில உக்காந்துண்டா. நாங்க பத்து எண்ணற வரைக்கும் பாடக் கூடாதுன்னு பேசிண்டோம். அவளைத் திரும்பக் கூப்பிடுவார்னு நான் மாமாவையேதான் பார்த்துண்டிருந்தேன். கூப்பிடலை. சரி, அவ எங்க இருக்காளோ அங்க போய்ப் பாடலாம்னு நடந்தோம்."

நானும் அந்த ஹாலில்தான் உட்கார்ந்திருந்தேன் அண்ணா. மைக்கையும் உன் அங்கவஸ்திரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு குழந்தை குறைகிறதே என்று பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. மேலே பழக்கம், நதி, கோஷ்டி என்று நான் வாதாடியதையெல்லாம் அடித்துவிடு. வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார்கள். உனக்குப் பாசம் இல்லை என்று எழுதியதையும் அடித்துவிடு. பாசம் இருந்ததுதான் தப்பாகப் போயிற்று. ஜீரோவை நீயே வைத்துக்கொள், அதை யாரும் கேட்கவில்லை. பேட்ஜைத் திங்கட்கிழமை அவளே கொண்டுபோய் மேடம் மேஜைமேல் வைத்துவிடப் போகிறாள், மன்னிப்பு மட்டும் எழுத மாட்டாளாம். அது சபீனாவிடம் கேட்க வேண்டியது, கேட்க வேண்டியவன் நீ. சனிக்கிழமை காலை பஸ்ஸில் புறப்பட்டு வா. அவர்கள் வீட்டுக்கு வேதா உன்னை ஷேர் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போவாள். மாமா கண்டிப்பாக வருவார் என்று அவள் சபீனாவிடம் போனில் சொல்லிவிட்டாள். வருவாயா என்று எனக்குத் தெரியாது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.